பொரித்த எண்ணெய் வயிற்றுக்கு வேண்டாம், வாகனத்துக்குப் போகட்டும்

பயன்படுத்திய சமையல் எண்ணெயும் பயோடீசலும்: மூத்தோருக்கான விளக்கம்



தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி என்று பலகாரம் சுட்டு முடித்த பிறகு, அடுப்படியில் ஒரு சட்டி எண்ணெய் மிஞ்சி நிற்கும். நிறம் கறுத்திருக்கும். அடியில் மாவுத் தூள் படிந்திருக்கும். ஆனாலும் அதைக் கொட்ட மனம் வராது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு போத்தல் எண்ணெயை மாதம் முழுவதும் அளந்து செலவு செய்த காலம் மறக்காது. அதனால் எண்ணெயை வடிகட்டி மூடி வைத்து, அடுத்த வாரம் மீன் பொரிக்க, அதற்கடுத்த வாரம் அப்பளம் பொரிக்க என்று மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கனம் நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த எண்ணெயில் மிச்சமாகும் சில வெள்ளியை விட உடலுக்கு ஏற்படும் கெடுதல் பெரியது. அதே நேரத்தில், அந்த எண்ணெய் வீணாகவும் தேவையில்லை. முறையாகச் சேகரித்துக் கொடுத்தால் அது லாரிக்கும் பேருந்துக்கும், விமானத்துக்கும்கூட எரிபொருளாகிறது. அது எப்படி நடக்கிறது, வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன, செய்யவே கூடாதது என்ன என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

மீண்டும் மீண்டும் பொரித்தால் எண்ணெய்க்கு என்ன ஆகிறது?

பொரிக்கும்போது எண்ணெய் சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் காற்றும், உணவில் உள்ள ஈரமும் சேர்ந்து எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் சிதைவுப் பொருள்கள் கூடுகின்றன. எண்ணெய் கெட்டியாகிறது, நுரைக்கிறது, முன்பை விடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மேலும் தொல்லை தரும்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து முறையும் பத்து முறையும் சூடாக்கிய எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். அந்த எலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. எலிக்கு நேர்வது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாம் எச்சரிக்கையாக இருக்க அது போதுமான காரணம். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 33.3 விழுக்காட்டினருக்கு அதிகக் கொலஸ்ட்ராலும் உள்ளன. வயது ஏற ஏற இவை கூடுகின்றன.

இந்தியாவில் இதற்குச் சட்டமே உள்ளது. எண்ணெயில் உள்ள சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அங்கு நடப்புக்கு வந்தது. அந்த அளவை அறியக் கருவி வேண்டும். வீட்டில் நமக்குக் கண்ணும் மூக்கும்தான் கருவி. பின்வரும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் அந்த எண்ணெயை ஒதுக்கிவிடுங்கள்:

- நிறம் கறுத்துவிட்டது
- கசடு வாடை அல்லது பழைய மீன் வாடை அடிக்கிறது
- ஊற்றும்போது பிசுபிசுப்பாக, கெட்டியாக விழுகிறது
- சூடாக்கும்போது நுரை பொங்குகிறது அல்லது சீக்கிரமே புகைகிறது

அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரே எண்ணெயை இரண்டு முறைக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தாதீர்கள். பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயை ஊற்றிக் கலப்பதும் வேண்டாம். பழையது சுத்தமாகாது, புதியதும் சேர்ந்து கெட்டுவிடும்.

தொட்டியிலும் சாக்கடையிலும் ஊற்றினால்?

“சுடுநீரும் சவர்க்காரமும் சேர்த்து ஊற்றினால் போய்விடும்” என்று பலர் நினைக்கிறோம். நம் தொட்டியை விட்டுப் போவது உண்மை. ஆனால் குழாயில் சிறிது தூரம் சென்றதும் நீர் ஆறிவிடுகிறது. எண்ணெய் குழாயின் உட்புறத்தில் ஒட்டி உறைகிறது. சோற்றுப் பருக்கை, முடி, காகிதம் எல்லாம் அதில் சிக்கிக் கட்டியாகின்றன. கடைசியில் அழுக்கு நீர் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வருகிறது.

2017ஆம் ஆண்டு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில், நிலத்தடிச் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்த கொழுப்புக் கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் நீளம் சுமார் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். சமையலறைகளிலிருந்து போன எண்ணெயும் கொழுப்பும், கழிப்பறையில் போடப்பட்ட ஈரத்தாள்களும் சேர்ந்து இறுகிய கட்டி அது. அதை உடைத்து எடுக்கப் பல வாரங்கள் ஆயின. எடுத்ததில் ஒரு பகுதியைப் பின்னர் பயோடீசலாக மாற்றினார்கள்.

நம் தாமான்களில் வீட்டு வாசலிலேயே கால்வாய் ஓடுகிறது. அதில் எண்ணெய் படிந்தால் எலியும் கரப்பான் பூச்சியும் வரும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவலாம். நீர் தேங்கினால் கொசு பெருகும். கால்வாய் வழியாகச் செல்லும் எண்ணெய் ஸ்கூடாய், தெப்ராவ் போன்ற ஆறுகளில் போய்ச் சேரும். அங்கு நீரின் மேல் படலமாகப் படர்ந்து, மீன்களுக்கு வேண்டிய காற்றைத் தடுக்கும்.

எண்ணெய் எப்படி எரிபொருளாகிறது?

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓட்டுவது புதிய யோசனை அல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த வகை இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. அவர் பெயரைத்தான் இன்றும் டீசல் என்று சொல்கிறோம்.

அப்படியானால் பொரித்த எண்ணெயை நேராக லாரியில் ஊற்றலாமே என்று கேட்கலாம். ஊற்றக் கூடாது. சமையல் எண்ணெய் டீசலை விடப் பல மடங்கு கெட்டியானது. இயந்திரத்துக்குள் எண்ணெயைத் தூவும் நுண்ணிய துளைகளை அது அடைத்துவிடும். ஆகவே முதலில் அதன் கெட்டித்தன்மையைக் குறைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் தொழிற்சாலை செய்கிறது.

எண்ணெயின் நுண்துகள் ஒவ்வொன்றையும், ஒரே காம்பில் தொங்கும் மூன்று காய்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். காய்கள் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். காம்பு கிளிசரின். மூன்றும் ஒன்றாகத் தொங்குவதால்தான் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. மெத்தனால் என்ற சாராய வகை இரசாயனம் காய்களைக் காம்பிலிருந்து பிரித்து, ஒவ்வொரு காயோடும் தான் சேர்ந்துகொள்கிறது. இப்படித் தனித்தனியான காய்கள்தான் பயோடீசல். அது தண்ணீர் போல இலகுவாக ஓடும். மிஞ்சிய காம்பு கிளிசரினாகத் தனியே பிரிகிறது.

தொழிற்சாலையில் வேலை இந்த வரிசையில் நடக்கிறது:

1. வடிகட்டுதல். மாவுத் தூள், உணவுத் துணுக்கு எல்லாம் நீக்கப்படுகின்றன.

2. நீரை நீக்குதல். எண்ணெயைச் சூடாக்கி அதில் உள்ள ஈரத்தை எடுக்கிறார்கள். ஈரம் இருந்தால் எரிபொருளுக்குப் பதிலாகச் சவர்க்காரம் உண்டாகிவிடும்.

3. சோதித்தல். அதிகமாகப் பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். அதை அளந்து, தேவைப்பட்டால் முதலில் அமிலத்தைக் குறைக்கிறார்கள்.

4. வினை. மெத்தனாலும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து, மூடிய கலத்தில் சுமார் 60 டிகிரி சூட்டில் கலக்குகிறார்கள். காரம் வினையை விரைவுபடுத்துகிறது.

5. தெளியவிடுதல். கனமான கிளிசரின் அடியில் தங்குகிறது. பயோடீசல் மேலே நிற்கிறது.

6. சுத்தப்படுத்துதல். மிஞ்சிய மெத்தனாலை மீட்டு எடுத்து, பயோடீசலைக் கழுவி, உலர்த்தி, தரம் சோதிக்கிறார்கள்.

ஏறத்தாழ 100 கிலோ எண்ணெயிலிருந்து 100 கிலோ அளவுக்குப் பயோடீசலும், 10 கிலோ அளவுக்குக் கிளிசரினும் கிடைக்கின்றன. கிளிசரினைச் சுத்திகரித்தால் சவர்க்காரம், பூச்சுக் களிம்பு போன்றவற்றுக்கு உதவும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

வேண்டாம். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “தாத்தா, இதை நம் வீட்டுப் பின்புறத்திலேயே செய்யலாம்” என்று சொல்லக்கூடும். காணொளியில் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆபத்து அதில் சேர்க்கும் இரசாயனங்களில் இருக்கிறது.

மெத்தனால் நிறமற்றது. பார்ப்பதற்குத் தண்ணீர் போலவும், முகர்ந்தால் சாதாரணச் சாராயம் போலவும் இருக்கும். இரண்டு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். இன்னும் கொஞ்சம் கூடினால் உயிரே போகலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். அதே மெத்தனால்தான் இது. குடித்தால் மட்டும் அல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். பாதிப்பு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, கண் மங்கல் தொடங்கும்.

மெத்தனால் நம் நாட்டின் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடுகிறது. சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள், அடுப்பு எதுவும் அதற்குப் போதும். அது எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்குக் கேடு. மூத்தோரின் தோல் மெல்லியது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் ஆற நாளாகும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இரசாயனம் பட்டதே தெரியாமல் போகலாம்.

இதையெல்லாம் தாண்டிச் செய்தாலும், வீட்டில் செய்த எரிபொருளில் மெத்தனால் மிஞ்சியிருக்கும். அது வாகனத்துக்கும் கேடு, வைத்திருக்கும் வீட்டுக்கும் ஆபத்து.

பழைய எண்ணெயில் சவர்க்காரம் செய்வதற்கும் காஸ்டிக் சோடா தேவை. அதைக் கற்க விரும்பினால், தெரிந்தவர் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து நடத்தும் வகுப்பில் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

இரசாயனம் பட்டுவிட்டால்: கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. இரசாயனப் போத்தலையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் நாட்டில் பயோடீசல்

மலேசியாவில் செம்பனை எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும் ஆராய்ச்சி 1982ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 2011ஆம் ஆண்டில் 5 விழுக்காடு பயோடீசல் கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. 2019 முதல் வாகனங்களுக்கான டீசலில் 10 விழுக்காடு கலக்கப்படுகிறது. ‘பி10’ என்று எண்ணெய் நிலையத்தில் எழுதியிருப்பது அதைத்தான் குறிக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் குலை சுமந்தவர்களும், உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் நம்மில் பலர் உண்டு. அந்த எண்ணெய்தான் இன்று லாரிகளிலும் ஓடுகிறது.

நிலைய டீசலில் கலப்பது பெரும்பாலும் புதிய செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. நம் சமையலறையில் மிஞ்சும் எண்ணெய்க்கு வெளிநாடுகளில், முக்கியமாக ஐரோப்பாவில், நல்ல தேவை உண்டு. கழிவிலிருந்து எரிபொருள் செய்தால் அதற்காகப் புதிதாக நிலம் திருத்த வேண்டியதில்லை என்பது ஒரு காரணம்.

இந்த எண்ணெயிலிருந்து விமான எரிபொருளும் செய்கிறார்கள். அதன் முறை வேறு. மெத்தனாலுக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் நெஸ்டே நிறுவனத்தின் பெரிய ஆலை இந்த முறையில் இயங்குகிறது. நம் மாநிலத்திலும் பெங்கெராங்கில் அப்படி ஓர் ஆலை அமைக்க பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா ஆகிய மூன்று நிறுவனங்களும் 2024 ஜூலையில் முடிவு செய்தன. ஆண்டுக்கு 650,000 டன் வரை மூலப்பொருளைக் கையாளும் அந்த ஆலை, 2028ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் செயல்படத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. பயன்படுத்திய தாவர எண்ணெயும் அதன் மூலப்பொருள்களில் ஒன்று.

வீட்டில் சேகரிக்கும் முறை

1. அடுப்பை அணைத்து, எண்ணெய் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். சூடான எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

2. ஆறிய எண்ணெயை வடிகட்டி, புனல் வைத்து, காய்ந்த போத்தலில் ஊற்றுங்கள். எண்ணெய் வந்த போத்தலே போதும். ஈரம் இருக்கக் கூடாது.

3. போத்தலுக்குக் கீழே பழைய செய்தித்தாள் விரியுங்கள். தரையில் ஒரு துளி சிந்தினாலும் உடனே துடையுங்கள். எண்ணெயில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது மூத்தோருக்கு மிகப் பெரிய துன்பம்.

4. போத்தலின் மேல் ‘பழைய எண்ணெய்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சமையல் எண்ணெய் வைக்கும் இடத்தில் அதை வைக்காதீர்கள். கண் பார்வை குறைந்தவர் வீட்டில் இருந்தால் இது மிக முக்கியம்.

5. மூடியை இறுக்கி, அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. சட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவுங்கள்.

7. ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சேர்ந்ததும் கொடுத்துவிடுங்கள். 5 லிட்டர் போத்தல் ஏறக்குறைய நாலரைக் கிலோ கனக்கும். அதைத் தனியாகத் தூக்க வேண்டாம்.

எங்கே கொடுப்பது? ஜொகூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். அதே பழக்கத்தோடு எண்ணெயையும் தனியாகச் சேர்த்து வையுங்கள். உங்கள் பகுதியில் பழைய எண்ணெய் பெற்றுக்கொள்ளும் மறுசுழற்சி மையம் எது என்று நகராண்மைக் கழகத்திடமோ, குடியிருப்பாளர் சங்கத்திடமோ கேளுங்கள். கேட்க வேண்டிய மலாய்ச் சொல் ‘மின்யாக் மாசாக் தெர்பாகாய்’.

விற்பவர்கள் கவனிக்க

பழைய எண்ணெய்க்குச் சில மையங்கள் பணமும் தருகின்றன. அப்படிக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள்.

வீடு தேடி வந்து எண்ணெய் வாங்குபவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், எண்ணெய் எங்கே போகிறது என்று கேளுங்கள். தயங்கினால் கொடுக்காதீர்கள். கெட்ட எண்ணெயை வெளுத்து, மீண்டும் சமையலுக்கே விற்கும் மோசடிகள் சில நாடுகளில் நடந்துள்ளன.

இதே காரணத்துக்காக, முத்திரையும் பெயரும் இல்லாத மலிவு எண்ணெயை வாங்காதீர்கள்.

2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்படும் 1 கிலோ மானிய எண்ணெய்ப் பொட்டலத்தை, பழைய எண்ணெயோடு கலந்து விற்காதீர்கள். அது குற்றம். அந்த எண்ணெய் குடும்பங்களின் சமையலுக்காக அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து விற்பது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தனியாக இருக்கிறேன். மாதம் அரைப் போத்தல்கூடச் சேராது. என்ன செய்வது?
பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே போத்தலில் சேருங்கள். கோயிலில் அன்னதானச் சமையல் நடந்தால் அங்கும் எண்ணெய் மிஞ்சும். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க நிர்வாகத்தினரிடம் கேட்டுப் பாருங்கள். ஓரிரு கரண்டி மட்டும் என்றால் பழைய தாளில் ஊறவிட்டு, பைக்குள் கட்டிக் குப்பையில் போடலாம்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய் எல்லாவற்றையும் கலக்கலாமா?
சமையல் எண்ணெய்களைக் கலக்கலாம். தண்ணீர், குழம்பு, மண்ணெண்ணெய், வாகன எண்ணெய் ஆகியவற்றைக் கலக்கவே கூடாது.

பழைய எண்ணெயில் விளக்கேற்றலாமா?
வேண்டாம். அதிகமாகப் புகையும். மூடிய அறையில் அந்தப் புகையைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல.

செடிக்கு ஊற்றலாமா?
கூடாது. மண்ணில் நீரும் காற்றும் இறங்காமல் வேர் அழுகும். எறும்பும் எலியும் வரும்.

பொரித்ததே சாப்பிடக் கூடாதா?
பண்டிகை நாளில் இரண்டு முறுக்கு சாப்பிடுவதில் தவறில்லை. மற்ற நாள்களில் அவித்த, குழம்பில் வெந்த, வாட்டிய உணவே நல்லது. அகலமான சட்டிக்குப் பதில் சிறிய, ஆழமான சட்டியில் பொரித்தால் எண்ணெய் குறைவாகப் போதும், மிஞ்சுவதும் குறையும். உங்களுக்கு இரத்த அழுத்தமோ, நீரிழிவோ, இருதய நோயோ இருந்தால் எவ்வளவு எண்ணெய் தகும் என்று அருகில் உள்ள சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள்.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

- ஒரே எண்ணெயில் இரண்டு முறைக்கு மேல் பொரிக்காதீர்கள்.
- தொட்டியிலும் கால்வாயிலும் ஊற்றாதீர்கள்.
- ஆறவிட்டு, வடிகட்டி, போத்தலில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.
- பயோடீசலை வீட்டில் செய்ய முயலாதீர்கள். மெத்தனால் உயிரைக் கொல்லும்.
- அவசரத்துக்கு 999. நச்சு ஆலோசனைக்கு 1-800-88-8099.

கறுத்த எண்ணெயைச் சமையலிலிருந்து எடுத்துவிடுவது வீண் செலவு அல்ல. உங்கள் உடல்நலமும் காக்கப்படும், எண்ணெயும் பயன்படும். இந்தக் கையேட்டைப் படித்த பிறகு அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள்.